முற்றத்தில் ஆசாரி, ஊரெங்கும் கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். செருப்பை மாட்டுவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள் — கல்யாணம் எப்போது?

யாருக்குக் கல்யாணம்? என் மூத்த மகள் எஸ்தருக்காம். மாப்பிள்ளை யார் என்று அதுவரை எனக்கே தெரியாது. நான் செய்ததெல்லாம் ஓர் அலமாரிக்கு ஆர்டர் கொடுத்தது மட்டும்தான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நீங்களாவது பொறுமையாகக் கேளுங்கள். எனக்குப் பொறுமை தீர்ந்து ஒரு மாதமாகிறது.

எனக்கு மூன்று பெண்கள். நெல் பத்தாயம் இருந்த அறையைப் போன வருஷம் ஒழித்து அவர்களுக்குக் கொடுத்தோம். நெல் போய் பாவாடை வந்தது. கொடியில் பாவாடை, ஜன்னல் கம்பியில் ரிப்பன், தரையெல்லாம் புத்தகம். கடைக்குட்டி ஒருநாள் அக்காவின் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். கை முழங்காலுக்குத் தொங்கியதாம். அன்று சாயந்தரமே என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள் — அலமாரி வேண்டும்.

சரி, வேண்டும். கடையில் ரெடிமேடாக வாங்குவதா? ஆசாரியை வைத்துச் செய்வதா?

நான் கடைக் கட்சி. நாகர்கோவிலில் ஒரு கடையில் போய்ப் பார்த்தேன். கொல்லத்துச் சரக்கு, கண்ணாடி வைத்தது, வார்னிஷில் முகம் தெரிந்தது. கடைக்காரர் கதவைத் திறந்து காட்டினார், திறந்தது. மூடிக் காட்டினார், மூடவில்லை. மழைக்காலம் சார் என்றார். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் பிள்ளைகளின் அறையில் கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்குகிறது. அலமாரியின் தலை உத்தரத்தில் இடிக்கும். தலையை அறுத்துத் தருவாரா? என் மனைவி ஆசாரிக் கட்சி. கடை அலமாரியில் நம் பிள்ளைகள் இரண்டு நாள் தொங்கினால் கதவு கையோடு வந்துவிடும் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். நியாயமான பேச்சுக்குப் பதில் தேடுகிற தெம்பு எனக்கு இல்லை.

ஆசாரி வந்தார். முற்றத்தில் பலாப் பலகையைப் போட்டு இழைக்க ஆரம்பித்தார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டே... வீட்டு முற்றத்தில் ஆசாரி உட்கார்ந்து பலாமரத்தில் அலமாரி செய்தால் அந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்று அர்த்தம். சீர்வரிசை அலமாரி. இதில் இந்து, கிறிஸ்தவன் என்ற பேதமே கிடையாது. இழைப்புச் சீவல் காற்றில் பறந்து தெருவுக்குப் போயிற்று, சேதியும் கூடவே போயிற்று. பிள்ளைகள் பாவாடை வைப்பதற்கு என்று நான் சொல்லாத ஆள் இல்லை. யார் நம்பினார்கள்? நிச்சயம் ஆகும் முன்னால் யார்தான் வாய்விட்டுச் சொல்வார்கள் என்று, நமட்டுச் சிரிப்போடு போனார்கள். கடையில் வாங்கிய பொருளைப் பார்த்தால் என்ன விலை என்று கேட்கிறார்கள். வீட்டில் செய்கிற பொருளைப் பார்த்தால் என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள். இந்த வித்தியாசத்தை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

எஸ்தர் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரப் பரீட்சை எழுதியிருக்கிறாள். திருவனந்தபுரத்துக்குப் போய்க் கல்லூரியில் இன்டர் படிக்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து என் மேஜைமேல் வைத்திருந்தாள். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அலமாரி வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். படிக்க வேண்டாம் என்பது என் எண்ணமில்லை. சோம்பல்தான். இரண்டுக்கும் பலன் ஒன்றே என்பது அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை எங்கள் சபையின் உபதேசியார் வீட்டுக்கே வந்துவிட்டார். கருங்கல் ஊரில் ஒரு வரன், பையன் பள்ளிக்கூட வாத்தியார். நான் மறுபடியும் பாவாடைக் கதையை எடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"அலமாரி வரைக்கும் ஆயாச்சு. இனி எங்கிட்ட மறைச்சு என்னத்துக்கு சார்?"

இல்லை என்று உறுதியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல இடமாகத்தான் தெரிந்தது. மூன்று பெண்களைப் பெற்றவனுக்கு ஒரு பாரம் குறைகிறதே என்றும் தோன்றியது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பார்க்கலாம் என்றேன். நம்மிடையே பார்க்கலாம் என்றால் பாதிச் சம்மதம் என்பது உங்களுக்குத் தெரியாததா? என் மனைவி புதுக் காப்பித்தூள் வாங்கச் சொன்னாள். எஸ்தர் யாருடனும் பேசவில்லை.

வியாழக்கிழமை பையனின் தாயார் வந்தார். அன்றைக்குத்தான் ஆசாரி அலமாரியை அறைக்குள் நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எஸ்தரை ஒரு நிமிஷம் பார்த்தார், அலமாரியைக் கால் மணி நேரம் பார்த்தார். தட்டிப் பார்த்தார். தட்டுகளை எண்ணினார். கருங்கல் வரை இதை எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று கேட்டார்.

ஆசாரி என்னை முந்திக்கொண்டார். "சீர் அலமாரிக்கு நாங்க ஆணி அடிக்க மாட்டோம்மா. எல்லாம் ஆப்புத்தான். தட்டினா கழண்டுரும். வண்டியில கெடத்திக் கொண்டுபோயி அங்க நிறுத்திரலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளைகளின் அறைக்கு என்று நான் இவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இந்த மனிதரும் முதல் நாளிலிருந்தே கல்யாணத்துக்குத்தான் இழைத்திருக்கிறார்.

எஸ்தர் காப்பித் தட்டை ஜன்னலில் வைத்தாள். ஆசாரியின் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கவில்லை.

"ஆசாரியாரே, ஆப்புக்க மேல ஆணி அடிச்சிருங்க. அப்பிடியே சொவரோட சேத்து அறைஞ்சிருங்க. இது எனக்க தங்கச்சிமாருக்குச் செஞ்சது. எனக்கு ஒரு டிரங்குப் பெட்டி போதும், படிக்கப் போறதுக்கு."

கருங்கல் அம்மாள் என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். ஆசாரி சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, என் உத்தரவுக்குக் காத்து நின்றார். எஸ்தர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை போலும்.

அடியுங்கள் என்று தலையை ஆட்டினேன். ஒரு மாத அமர்க்களத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.