செல்வி கோயம்புத்தூருக்குப் புறப்பட்டது

செந்தமிழ்ச்செல்வியின் அப்பா கந்தசாமி குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய ஊர். செல்வி ஒன்பதாவது படித்த வருஷம், வயலுக்கு உரமாகப் போட மலையடிக் காட்டில் ஒரு வண்டி தழை வெட்டிக்கொண்டு வந்தவரைக் காட்டிலாகாக்காரர்கள் பிடித்து, வண்டியையும் மாட்டையும் நிறுத்திவைத்தார்கள். அபராதம் கட்டி மீட்கப் போனபோது செல்வியும் கூடப் போனாள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எந்த எடத்துல தழை வெட்லாம், எந்த எடத்துல வெட்டக்கூடாதுன்னு யாரு சார் முடிவு பண்றது?" என்று ரேஞ்சரைக் கேட்டுவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. நீயும் படிச்சிட்டு வா, உன்னையும் கேட்டு முடிவு பண்ணுவாங்க" என்றார். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். செல்வி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

பிளஸ் டூவில் அறிவியல் பாடங்களில் நல்ல மார்க் வாங்கினாள். கோயம்புத்தூரில் வனவியல் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, காட்டை வளர்ப்பது மட்டுமல்ல, காட்டுச் சட்டம், நிர்வாகம் எல்லாம் அதில் பாடம் என்று கள்ளக்குறிச்சியில் கூடப் படித்த தாஹிரா சொன்னாள். விண்ணப்பத்தை வாங்கிவந்து கொடுத்ததும் தாஹிராவின் அத்தா அப்துல் ஜப்பார்தான். மளிகைக் கடைக்குச் சரக்கெடுக்கக் கோயம்புத்தூர் போய்வருகிறவர் அவர். அம்மா அமிர்தத்துக்கு இந்தப் படிப்பு ஒன்றும் பிடிபடவில்லை. "காட்டப் படிக்க காலேஜா? நம்ம ஊட்டுக்குப் பின்னாடியே காடு இருக்குதே" என்றாள். கந்தசாமி மட்டும், "அவ படிக்கட்டும்" என்றார்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில். வருகிற திங்கட்கிழமை காலை கோயம்புத்தூரில் இருக்க வேண்டும். அதற்கு முந்தின வியாழக்கிழமையிலிருந்துதான் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் என்று சாதிச் சங்கத்தில் அறிவித்திருந்தார்கள். ஊரில் அதற்கு முன்னால் நின்றவர்களில் கந்தசாமியும் ஒருவர்.

"இன்னிக்கே கெளம்பிடலாம்பா. சேலத்துல சின்னம்மா வூட்ல தங்கிக்கலாம்" என்றாள் செல்வி.

"இன்னா அவசரம்? மொத நாளு நான் இல்லன்னா ஊர்ல இன்னா பேசுவாங்க? சனிக்கெழம நானே கூட்டிக்கினு போறேன். ரோட்ல ஒக்காந்துகினு இருக்கறவன் பூரா நம்ம ஆளு. கந்தசாமி பொண்ண எவன் நிறுத்தப் போறான்?"

அவர் சொன்னதை அவள் நம்பினாள்.

முதல் நாள் விடியும்போதே, மறியலுக்காக வெட்டிய சாலையோரத்துப் புளியமரங்கள் விழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. கிளைகளெல்லாம் காயோடு சாலையில் கிடந்தன. பஸ் நின்றது, பால்வண்டி நின்றது. சாயங்காலம் இரண்டு வேன்களில் போலீஸ் வந்து கையில் கிடைத்த ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. கந்தசாமி ஓடவில்லை. அவர்தான் முதலில் ஏறினார். மிச்சம் இருந்த ஆண்கள் கரும்புக் கொல்லைக்குள் பதுங்கினார்கள். போலீஸ் வேன் அந்தப் பக்கம் போனதும் வெளியே வந்து மறுபடியும் சாலையில் உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்குள் செல்விக்கு மூச்சு முட்டியது. அம்மா கதவைத் திறக்கவிடவில்லை. யாராவது தெருவில் ஓடினால் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். இஸ்திரி போட்டு வைத்த பாவாடை தாவணி கொடியில் தொங்கியது. சர்டிபிகேட்டுகள் மஞ்சள் பைக்குள் இருந்தன. வீட்டுக்குள்ளேயே நடந்தாள். அடுப்படி வரைக்கும் போவாள், வாசற்கதவு வரைக்கும் வருவாள். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அப்பா ஜெயிலுக்குள் இருக்கும்போது அவர்மேல் கோபம் வருவதே பாவம்போல இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் தாவணியைக் கட்டிக்கொண்டு பையை எடுத்தாள். "நீ வர்லன்னா நான் தனியா போறேன்மா" என்றாள். அமிர்தம் அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள். சின்னசேலம் வரைக்கும் நடப்பது, அங்கே ரயில் ஓடினால் சேலம் போவது. வேறு யோசனை அவர்களிடம் இல்லை.

ஊர் எல்லையில் விழுந்த மரத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தனசேகரன், கந்தசாமியின் தம்பி.

"எங்க அண்ணி, இந்த நேரத்துல?"

"கோயம்புத்தூருக்கு, சித்தப்பா. திங்கக்கெழம எனக்கு இன்டர்வியூ" என்றாள் செல்வி.

"இன்னா வெளையாடறியா? வழி பூரா போலீஸு. பொம்பளப் புள்ளய வச்சிக்கினு அண்ணி எங்க போவும்? வூட்டுக்குப் போ."

"இன்னிக்கி வுட்டா இந்த சீட்டு போய்டும் சித்தப்பா."

"போனா போவுது. ஒங்கள மாதிரி புள்ளைங்களுக்கு நாளைக்கி சீட்டு கெடைக்கணும்னுதானே இங்க ஒக்காந்துகினு இருக்கோம். ஒங்கப்பன் யாருக்காக உள்ள போயிருக்கறான்? ஒனக்காகத்தான்."

"எனக்காகன்னா என்ன வுடு சித்தப்பா."

ஒருவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். தனசேகரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னிக்கி ஒன்ன வுட்டா, நாளைக்கி ஆஸ்பத்திரி, கல்யாணம்னு ஒவ்வொருத்தனும் வருவான். அப்புறம் மறியல்னு எதுக்கு?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது. அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தின்மேல் ஏறினாள். தாவணி ஒரு கிளையில் மாட்டிக் கிழிந்தது. சித்தப்பா எழுந்து வருவார் என்று நினைத்தாள். அவர் எழவில்லை. அமிர்தம் மரத்தைச் சுற்றிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி அந்தப் பக்கம் வந்தாள்.

சாலையில் போகாமல் வரப்பிலும் கொல்லைகளிலுமாக நடந்தார்கள். ஒரு ஊரில் சங்கத்துக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் போலீஸ் விரட்டியது. எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்று குறுக்கே நின்றது. இருட்டும் நேரத்தில் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வந்தபோது, சேலம் வண்டி ரத்து என்று பலகையில் எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வண்டி இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர், "தண்டவாளத்துலயும் மரம் கெடக்குதும்மா. எப்ப ஓடும்னு எனக்கே தெரியாது" என்றார். போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் ஒரு கூட்டமே பிளாட்பாரத்தில் படுத்துக்கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் செல்வி குழாயில் முகம் கழுவி, தலை வாரிப் பின்னிக்கொண்டாள். கிழிசல் தெரியாமல் தாவணியை மாற்றிக் கட்டினாள். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. கோயம்புத்தூரில் பெயர் கூப்பிடுகிற நேரத்தில் அவள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பை மடியில் இருந்தது. அந்த நேரம் கடந்ததும் அம்மாவின் மடியில் கவிழ்ந்து அழுதாள்.

கந்தசாமி கடலூர் ஜெயிலிலிருந்து வந்தபோது ஊர் மாலை போட்டது. செல்வி அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. "அடுத்த வருஷம் போவலாம் பாப்பா" என்றார். அடுத்த வருஷம் விண்ணப்பித்தாள், அழைப்பு வரவில்லை. அவர்மேல் போட்ட கேஸ் இழுத்துக்கொண்டே போனது. வாய்தாவுக்கு அலைகிறவர் வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்க அமிர்தம் பயந்தாள். ரிஷிவந்தியத்தில் டிராக்டர் வைத்து ஓட்டும் மாயவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்லவன்தான்.

ஒதுக்கீடு கடைசியில் வந்தேவிட்டது. கந்தசாமி பேப்பரை எடுத்துக்கொண்டு ரிஷிவந்தியத்துக்கே வந்தார். "வந்துட்ச்சி பாப்பா! இப்ப போடு அப்ளிகேஷன். இந்த வாட்டி கண்டிப்பா கெடைக்கும்!"

செல்வி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் குழந்தையைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். அப்புறம் அதை நாலாக மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் விட்டது. ஆனால் கோபம் போன இடத்தில் ஒன்றும் வந்து உட்காரவில்லை. அதற்குக் கோபமே தேவலை என்று இருந்தது.

"கொழந்தய வுட்டுட்டு கோயம்புத்தூரு இன்னா, வேற ஊருக்கே எப்டி போவ?" என்று மாயவன் கேட்டான். அதட்டிக் கேட்கவில்லை. உண்மையிலேயே வழி தெரியாமல்தான் கேட்டான். அவளுக்கும் வழி தெரியவில்லை. வனவியலைத் தபாலில் படிக்க முடியாது. தபாலில் படிக்கக் கிடைத்தவற்றில் பக்கத்தில் வந்தது பொது நிர்வாகம், பி.ஏ. அதற்குப் பணம் கட்டினாள். மாமியார் தூங்கும் மதிய நேரத்தில் படித்தாள். அரசு எப்படி முடிவெடுக்கிறது, அதிகாரம் யார் கையில் என்று அச்சடித்த பாடங்கள் பேசின. காட்டைப் பற்றி ஒரு பத்திதான் வந்தது. அதைப் பலமுறை படித்தாள்.

முதல் பரீட்சை கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கந்தசாமி வந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, குழந்தை வீறிட்டது. அவர் தோளில் போட்டுத் தட்டினார், கொலுசை ஆட்டிக் காட்டினார், அங்குமிங்கும் நடந்தார். அழுகை அடங்கவில்லை. மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை செல்வியைப் பார்த்து, "போய் கொடுத்துட்டு வேணா வாம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

செல்விக்கு மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். எழுது என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுகை கேட்காத தூரத்துக்கு, பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டி வேகமாக நடந்தார்.

அவள் முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு அடுத்த கேள்விக்கு எண் போட்டாள்.