எனக்குத் தெரியாத கன்னடம்

என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு காதல் இருந்ததை, லண்டனுக்கு வந்த முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டேன். அது ஒரு பெண்ணாக இருந்திருந்தால் ஊரில் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். அது ஒரு கன்னடப் படம். இதைச் சொன்னால் யார் அழவிடுவார்கள்?

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து பெங்களூருக்கு இஞ்சினியரிங் படிக்கப் போனவர். அங்கே அறுபதுகளில் வந்த ஒரு உளவாளிப் படத்தை, எழுபதுகளிலும் கொட்டகைகளில் திரும்பத் திரும்ப ஓட்டுவார்களாம். கோட்டும் சூட்டுமாக ஒரு உளவாளி, களவுபோன ஒரு வரைபடம், கறுப்புக் கண்ணாடி போட்ட வில்லன்கள், இடையில் பாட்டு. அந்தக் கல்லூரிப் பையன்கள் எல்லோரும் அவனைப்போல நடந்து, அவனைப்போலப் புருவம் உயர்த்திப் பழகியிருக்கிறார்கள். மற்றவர்கள் பட்டத்தோடு அதை விட்டுவிட்டிருப்பார்கள். இவர் லண்டனில் எங்கள் ஈலிங் வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

மழைக்கோட்டின் கொலரை உயர்த்திவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கடைக் கண்ணாடிகளில் பின்னால் வருகிறவர்களைக் கவனிப்பார். கவுன்சிலில் தெருவிளக்குகளைப் பார்க்கிற மனிதரை யார் பின்தொடரப் போகிறார்கள்? சிரிப்பாகத்தான் இருந்தது. தெற்கு லண்டனில் இருக்கும் மோர்டனுக்குப் போகும்வரை.

மோர்டனில் அவருடைய கல்லூரிச் சிநேகிதர் ஒருவர் இருந்தார், கன்னடக்காரர். அவருடைய மனைவியும் அதே வகுப்பில் படித்தவள். சனிக்கிழமைகளில் அங்கேதான் போவோம். தேநீர் குடித்ததும் அந்தப் படத்தை வீடியோவில் போடுவார்கள். போட்டதும் என் கணவர் வேறு ஆளாகிவிடுவார். உளவாளி வாய் திறக்குமுன் இவர் வசனத்தைச் சொல்வார். கதாநாயகி பதில் சொல்லுமுன் அவள் சொல்வாள். சிநேகிதர் வில்லன். மூவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் தட்டில் இருக்கும் மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு அவளுக்கு என் நினைவு வரும். "ஸாரிங்க, உங்களுக்குப் புரியலை இல்ல? அவன் என்ன சொல்றான்னா..." என்று பெங்களூர்த் தமிழில் தொடங்குவாள். ஆறிய தேநீரைச் சூடாக்கித் தருவதுபோல ஒரு பகிடி வந்து சேரும். நான் பல்லைக் காட்டுவேன்.

அவள் அழகியாக இருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அதுவும் இல்லை. சாம்பாருக்கு வெல்லம் போடுகிற கை அவளுடையது. அந்தச் சாம்பாரை இவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் வீட்டில் என்ன வைத்தாலும் "ம்" என்பதோடு சரி. அவர் என்னோடு பேசிய தமிழ் மொத்தமும் "பால் முடிஞ்சுது", "மழை வரும்போலை கிடக்கு", "ஹீற்றரைக் குறைச்சு விடும்" என்பதற்குள் அடங்கிவிடும். பேச்சுவராத மனிதர், சுபாவம் அப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன். சுபாவம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பேச்சைத்தான் மோர்டனில் செலவழித்துவிட்டு வந்தார்.

அவள் அந்தப் படத்தைப் பிரதி எடுத்து அவருக்குக் கொடுத்திருந்தாள். உறையில் அவளுடைய ஜிலேபி எழுத்து. அதை அவர் அலுமாரியில் தன் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தார். என் கூறைச் சேலை சூட்கேஸுக்குள் கட்டிலின் கீழே கிடந்தது.

அதைக் கண்ட அன்றைக்கே முடிவெடுத்தேன். அவர்கள் என்னதான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் கன்னடம் படிப்பேன், ஆனால் படித்தது எவருக்கும் தெரியக்கூடாது.

நான் வேலைசெய்த சாண்ட்விச் பாக்டரியில் ஹூப்ளிப் பக்கத்துக் கன்னடப் பெண் ஒருத்தி, கொஞ்சம் தமிழும் தெரிந்தவள், என் அருகில் நின்று வெண்ணெய் பூசுவாள். எனக்கு இருந்த ஒரே பாடப்புத்தகம் அந்த வீடியோ. கணவர் வேலைக்குப் போன பகல்களில், எனக்கும் அவளுக்கும் ஷிப்ட் இல்லாத நாட்களில், அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து படத்தைப் போடுவேன். நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்வாள். கூலி, என் கையால் இடித்த தேங்காய்ச் சம்பல்.

சில மாதங்களில் படம் முழுவதும் மனப்பாடம். ஒருநாள் பாக்டரியில் அவளுக்கு முன்னால் நின்று, பெருமையோடு, "கை மேலெத்து!" என்றேன். பயந்துபோய் வெண்ணெய்க் கத்தியோடு இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். பிறகுதான் விளங்கியது. எனக்கு உப்புக் கேட்கத் தெரியாது, சுகம் விசாரிக்கத் தெரியாது. வரைபடம் எங்கே, யார் உன்னை அனுப்பியது, அசைந்தால் சுட்டுவிடுவேன் என்பதெல்லாம் சரளமாக வரும். "ஊருக்குப் போய் இப்படிப் பேசினா போலீஸ் பிடிக்கும்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சாப்பிட்டாயா என்று கேட்பதிலிருந்து எல்லாவற்றையும் அவள்தான் புதிதாகத் தொடங்கிவைத்தாள்.

தயாரானதும் மோர்டன் சோபாவில் கண்கொத்திப் பாம்பு போலக் காத்திருந்தேன். முகத்தில் ஒரு அசைவும் காட்டவில்லை. ஒரு சனிக்கிழமை சிநேகிதர் கடைக்குப் போயிருந்தார். இவரும் அவளும் குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. இதயம் அடித்த அடியில் எனக்குத் தெரிந்த கன்னடமும் மறந்துவிடும் போலிருந்தது.

அவள் காஸ் பில்லைப் பற்றிச் சொன்னாள். இவர் தன்னுடைய காஸ் பில்லைப் பற்றிச் சொன்னார். பொயிலர் போடுகிற சத்தத்தை வாயால் செய்து காட்டினார். அவள் சிரித்தாள். பிறகு தன் முதுகுவலியைப் பற்றிச் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். அவ்வளவுதான். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அதே பில், அதே முதுகு. பூதம் வரும் என்று கிணறு வெட்டினால் வெறும் மண்தான் வந்துகொண்டிருந்தது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பொறாமை இரண்டு மடங்காகியது. காதல் என்றால் தலைவிரிகோலமாக நின்று சண்டை பிடித்திருப்பேன், ஊரில் இருந்து மாமியைக்கூடக் கூப்பிட்டிருப்பேன். காஸ் பில்லுக்குச் சிரிக்கிற மனிதரிடம் என்ன சண்டை பிடிப்பது? அந்த முதுகுவலியை எனக்கு அவர் சொன்னதே இல்லை. முதுகு நான் படுக்கிற கட்டிலில்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்கள் குடும்பத்தோடு பெங்களூருக்கே திரும்பிப் போனார்கள். ஹீத்ரோவில் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். இரண்டு அழுகைக்கும் ஒரே காரணம் என்று அவள் நினைத்திருப்பாள். திரும்பும் வழியில் கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தேன், ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஆனால் மனிதர் ஒடுங்கிப்போனார். கொலரைக்கூட உயர்த்துவதில்லை. "பால் முடிஞ்சுது" என்பதும் குறைந்து, வெறும் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போகிற அளவுக்கு வந்துவிட்டார். அவள் போய்த் தொலைந்தாள் என்று மகிழ்ந்த எனக்கு, அவள் போகும்போது அவருடைய பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஆத்திரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் படத்தைப் போட்டார். கொஞ்ச நேரம் தனியாகப் பார்த்தார். பிறகு, "இஞ்சை வந்து இரும். நான் சொல்லுறன், உமக்கு விளங்கும்" என்றார்.

போய்ப் பக்கத்தில் இருந்தேன். மோர்டனில் இது அவள் இருந்த இடம், ஆளில்லாத குறைக்கு என்னை இருத்துகிறார் என்று மனம் முணுமுணுத்தது. ஆனாலும் எழும்பவில்லை. அவர் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். எனக்கு எல்லாம் தெரியும் என்று எப்படிச் சொல்வேன்? "அப்பிடியே? பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காதல் வசனம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "இதிலை ஒண்டும் பெரிசா இல்லை" என்பார். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு வரிக்கு வரி தெரியும். விட்டுவிட்டேன்.

இப்படிப் பல ஞாயிறுகள் போயின. ஒருநாள், படம் முடிகிற கட்டத்தில், உளவாளி ஒரு டாக்ஸிக்காரனிடம் குனிந்து ஏதோ சொன்னான். இவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீர் மட்டும் இல்லாட்டி நான் இந்த ஊரிலை எப்பவோ விசர் பிடிச்சுப் போயிருப்பன் எண்டு சொல்லுறான்."

மடியில் இருந்த துவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையாவே அப்பிடிச் சொல்லுறான்?"

"ஓம். அப்பிடித்தான் சொல்லுறான்."

உளவாளி கேட்டது, விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்று. அந்தக் காட்சியில் கதாநாயகியே இல்லை.

அந்த நேரத்திலும் என் புத்தி முதலில் மோர்டனுக்குத்தான் ஓடியது. அவளுக்கும் இப்படி ஏதாவது ஒரு வரியை மாற்றிச் சொல்லியிருப்பாரோ? பிறகு நிதானமாக யோசித்தேன். சொல்லியிருக்க முடியாது. அவளுக்குக் கன்னடம் தெரியும்.

"எனக்கு வடிவாக் கேக்கேல்லை" என்றேன். "அந்த இடத்தைத் திருப்பிப் போடுங்கோ."

அவர் எழுந்து போய்த் திருப்பிப் போட்டார். உளவாளி மறுபடியும் டாக்ஸிக்காரனிடம் குனிந்தான். இந்த முறை இவர் சொன்னது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தது.