பின்னால் மட்டும் நடந்த கால்

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் புத்தூர்ப் பக்கம் யாருக்குச் சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்த காலம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எந்த அரசாங்கம் வந்தாலும் நாங்கள் அடுத்தவர் சேற்றில்தான் இறங்க வேண்டும். எங்கள் கவலையெல்லாம் அக்காவின் இடது கால்.

காளஹஸ்தியிலிருந்து வந்த பஸ் புளியமரத்தில் மோதியதில் அக்காவின் தலை கம்பியில் இடித்தது. ஒரு பகல் முழுக்க நினைவில்லை. விழித்த பிறகு இடது கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஓரடி எடுத்து வைத்தால் தொப்பென்று விழுவாள். நைனா பஸ் முதலாளி மேல் சித்தூரில் கேஸ் போட்டார்.

நடவு வந்தது. அவளைத் தூக்கிப்போய் வரப்பில் உட்கார வைத்தோம். சும்மா இருப்பாளா? நகர்ந்து நகர்ந்து சேற்றில் இறங்கி, குனிந்து நாற்றை நட ஆரம்பித்தாள். நடவு என்றால் பின்பக்கமாகத்தானே போக வேண்டும்? கால் நகர்ந்தது! ஐயோ, என் கண்ணையே நான் நம்பவில்லை. இரண்டு காலும் மாறி மாறிப் பின்னால் போயின. நடவுப் பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரும் கூச்சல் போட்டோம். நிமிர்ந்து முன்னால் ஓரடி வைத்தாள், குப்புற விழுந்தாள். முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் சிரிப்பு.

"சாமி பாதி காலு குட்த்துட்டாருடி. மீதியும் குடுப்பாரு."

அந்தக் கூச்சல் பஸ் முதலாளியின் ஆட்கள் காதுக்கும் போய்விட்டது.

கோர்ட்டில் டாக்டர், மண்டையில் விரிசல் இல்லை, எலும்பும் நரம்பும் சரியாக இருக்கின்றன, ஏன் நடக்க முடியவில்லை என்று தெரியவில்லை என்றார். தெரியாததைத் தெரியாது என்றார், பாவம். முதலாளியின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினார். நாற்று நட்டாயா இல்லையா என்று தெலுங்கில் கேட்டார்.

கூலிக்குப் போகிற வீட்டுப் பெண்ணை அப்படிக் கேட்டால் என்ன அர்த்தம்? உட்கார்ந்து தின்கிறாயா என்றுதான். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நட்டேன் சாமி! நாலு கட்டு நாத்து நட்டேன். வேல செய்யாம துன்றவ இல்ல நானு."

நடந்து காட்டச் சொன்னார்கள். விழுந்தாள். கோர்ட்டே சிரித்தது. படுபாவிகள், விழுந்தவளைப் பார்த்து என்ன சிரிப்பு?

"பின்னாடிதான் காலு வரும் சாமி! பின்னாடி நடப்பா!" என்று கத்தினேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

நடிப்பு என்று சொல்லிக் கேஸைத் தள்ளிவிட்டார்கள். வெளியே வந்ததும், "யக்கா, என்னப் புட்ச்சிக்கினு பின்னாடியே நடந்து வா" என்றேன்.

"வேணாண்டி. பாத்தா பொய்ன்னுவாங்க." கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தாள். "நெஜமாவே நான் பொய் சொல்றேனாடி?"

இல்லை என்று எத்தனையோ சொன்னேன். அவள் நம்பவில்லை. நைனா அவளை முதுகில் சுமந்து படியிறங்கினார்.

பல வருஷம் கழித்துத் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். அதில் பொய்யே இல்லை என்றார். அடிபட்ட பிறகு சிலருக்கு மூளைக்கும் காலுக்கும் உள்ள பழக்கம் விட்டுப்போகும், பின்னால் நடந்ததையே விடாமல் பழக்கியிருந்தால் முன்னாலும் நடந்திருப்பாள் என்றார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். அக்கா போய்ச் சேர்ந்து அப்போதே வெகு காலம்.

கோர்ட்டிலிருந்து வந்தபின் அவள் ஒருமுறைகூடச் சேற்றில் இறங்கவில்லை. சாகும்வரை தவழ்ந்தாள். வயலில் நடவுப் பாட்டு கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள்.