வண்ண முடிகளுக்குள் ஒரு முகம்

பென்டில் ஹில் நிலையத்தில் ரயில் ஏறிய அந்த மனிதருக்கு அறுபது வயதிருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை, மழித்த முகம், ஏதோ நல்ல காரியத்துக்குப் போகிறவர் போல. அன்று அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன்களின் ரசிகர்கள் கூடும் விழா. நீல முடியும் ரோஜா நிற முடியுமாக, கதாபாத்திர வேடமிட்ட இளசுகள் ரயில் பெட்டி முழுக்கப் பூத்துக் கிடந்தார்கள். அவர் குட்டைப் பாவாடைக்காரிகளை ஒவ்வொருவராகக் குனிந்து குனிந்து பார்த்தார். ஒருத்தி முகம் சுளித்து விலகிப் போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இந்த வயசுல இது நல்லாவா இருக்கு?"

"பெட்டையளைப் பாக்கேல்லை தம்பி. இதுக்குள்ள என்ர மகன் நிக்கிறானோ எண்டு பாக்கிறன்." குரல் தணிந்தது. "போன வருசம் இப்பிடித்தான் பாவாடையோட வெளிக்கிட்டான். இனி வீட்டை வராதை எண்டு சொல்லிப்போட்டன்."

மகன் விட்டுப்போன அனிமே டிவிடிகளை ஒன்றுவிடாமல் பார்த்தாராம். "பழைய கதையளில பெடியன் பொம்பிளை உடுப்புப் போட்டா எல்லாரும் சிரிக்கினம். பிறகு வந்ததுகளில ஒருத்தரும் சிரிக்கேல்லை, வடிவாயிருக்கு, அழகாயிருக்கெண்டு சொல்லினம். நான்தான் தம்பி, பழைய கதையிலயே நிண்டிட்டன்."

"அவனை இப்ப பார்த்தா என்ன சொல்வீங்க?"

அவர் மறுபடியும் முகங்களைத் தேடத் தொடங்கினார்.

லிட்கம் நிலையத்தில் ரயில் மாறுவதற்காகக் கூட்டம் மொத்தமாக இறங்கியது. கவுன் அணிந்த ஒரு சீனப் பையன் அவருக்கு வழிவிட்டு நின்றான். அவன் முகத்தை அவர் நிதானமாகப் பார்த்தார். மகன் இல்லை.

"வடிவாயிருக்கு," என்றார், தமிழிலேயே.

பையன் புரியாமல் சிரித்துவிட்டு ஓடினான். அவரும் இறங்கினார், கதவு மூடியது. நடைமேடையில் அவர் வாய் இன்னும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு எதுவும் கேட்கவில்லை.