தவளைக்குள் யாரும் இல்லை

தகவல் கேட்டு மனு எழுதுகிற தொழிலில், பதில் வராமல் இருப்பது பழகிவிடும். பதில் வந்துவிட்டால்தான் தூக்கிவாரிப்போடும்.

மராத்தி பேசும் ஊரான கட்கியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் என் மேசை இருக்கிறது. பாதி ஆயுளை ஆயுதத் தொழிற்சாலை அலுவலகத்தில் கோப்புகளோடு கழித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது தமிழில் குமுறுகிறவர்களுக்கு மராத்தியில் மனு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு அகராதி, ஒரு சட்டப் புத்தகம், ஒரு சிவப்புப் பேனா, இவ்வளவுதான் மூலதனம். ஏதாவது ஓர் அரசு ஜன்னலில் நின்று "நாளைக்கு வாங்க" கேட்ட எல்லாரும் எனக்கு உறவுக்காரர்கள்தான். நீங்களும் நின்றிருப்பீர்கள். அந்த உரிமையில் ஒரு தவளையின் கதையைச் சொல்கிறேன்.

உள்ளே இருந்தவர்

ஒரு தண்ணீர்த் துறை அலுவலகம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்க ஒரு சின்னம் வைத்திருந்தது. ஆளுயரப் பச்சைத் தவளை, பெயர் பேடூ. பள்ளி பள்ளியாகப் போய்க் குழாயை மூடிக் காட்டும், பல் தேய்க்கும்போது எவ்வளவு தண்ணீர் போதும் என்று சைகையில் சொல்லும், கடைசியில் பிள்ளைகளோடு ஆடும். அந்தத் தவளைக்குள் இருந்து ஆடியவர் பக்கத்து ஏரவாடாவிலிருந்து என் மேசைக்கு வந்தார். பெயர் தங்கராஜ். பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம், பிறந்தது இங்கேதான்.

அதே துறை நிரந்தர உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறதாம். தங்கராஜுக்கு வயது கடந்துவிட்டது. ஆனால் அங்கேயே ஐந்து வருடமாவது ஒப்பந்தத்தில் உழைத்தவருக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு. அதற்குத் துறையின் முத்திரையோடு ஒரு காகிதம் வேண்டும், மூன்று மாதத்துக்குள். அவரை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். துறையிலோ அப்படி யாரையும் வைத்ததே இல்லை என்கிறார்கள். மனுவை அவர் பெயரிலேயே போடலாம் என்றேன். தங்கராஜ் மறுத்துவிட்டார். இப்போதும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பள்ளிக்குக் கூப்பிடுகிறார்களாம், அதுவும் போய்விடும் என்று பயம். சரி, என் பெயரில் போடுகிறேன் என்றேன். சட்டம் தெரிந்தவள் செய்யக்கூடாத தப்பு அது. ஏன் என்று பிறகு புரியும். எழுந்து போகும்போது தங்கராஜ் சொன்னார்:

"அக்கா, எட்டு வருசமா அந்தத் தவளைக்குள்ள நான்தான் கீறேன். ஆபீஸ்ல கேட்டா உள்ள யாருமே இல்லன்றாங்க."

நூற்றைம்பது சொற்கள்

இந்த மாநிலத்தில் தகவல் மனு நூற்றைம்பது சொற்களுக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்கவேண்டும். என் முதல் வரைவில் நானூறு சொற்கள் இருந்தன. பிரிவு, உட்பிரிவு, ஒரு பழைய தீர்ப்பின் மேற்கோள், எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் பெற்ற பிள்ளையை வெட்டுவதுபோல் வெட்டிக் கொண்டுபோனேன். துறை அலுவலகத்தின் ஜன்னல் குமாஸ்தா பேனா முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணினார். மூன்று சொல் அதிகம். பணிவு, வணக்கம், தயவு ஆகிய மூன்றையும் அவரே அடித்துவிட்டார். ஓர் அரசு ஊழியர் என் பணிவை வேண்டாம் என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

அத்தோடு விட்டிருக்கலாம். 'விஷயம்' என்ற இடத்தில் நான் 'தவளை, உள்ளும் புறமும்' என்று எழுதியிருந்தேன். கொஞ்சம் குறும்புதான், ஒப்புக்கொள்கிறேன். குமாஸ்தா அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், தவளை ஒரு விஷயம், உள்ளே இருக்கிற ஆள் இன்னொரு விஷயம். ஒரு மனுவுக்கு ஒரு விஷயம்தான்."

முப்பதாம் நாள்

'உள்ளும் புறமும்' என்பதை அடித்து, தவளையை மட்டும் விட்டுவிட்டு வந்தேன். கேள்விகளில் ஐந்தாவதாக, 'இதை அணிந்து சென்றவர் யார்' என்பது அப்படியே இருந்தது. சரியாக முப்பதாம் நாள் கனமான உறை வந்தது. தவளையின் உயரம், பச்சை நிறத்தின் எண், சலவை முறை, அது போன பள்ளிகளின் பட்டியல், அதிகாரிகளோடு அது கைகுலுக்கும் படங்கள் என்று எல்லாம் இருந்தன. நான் கேட்காததற்கெல்லாம் பதில். ஐந்தாம் கேள்விக்கு ஒரே வரி: எந்த நபரும் நியமிக்கப்படவில்லை, நிகழ்ச்சிகளில் பேடூ நேரில் கலந்துகொண்டது.

மூன்று தரம் படித்தேன். மராத்தி எனக்குத் தகராறு செய்கிறதோ என்று அகராதியையும் புரட்டினேன். 'நேரில்' என்பது நேரில்தான். தங்கராஜுக்கு வாசித்துக் காட்டினேன். தவளைத் தலையை மாட்டினால் மே மாதத்தில் உள்ளே மூச்சு முட்டும், முதுகெல்லாம் வேர்க்குரு பொரியும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டார்:

"அப்ப வேர்க்குரு யாருக்கு வந்துச்சிக்கா?"

நேரில் பார்வை

ஆவணங்களை நேரில் பார்க்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பை தூக்க ஓர் ஆள் என்று தங்கராஜையும் கூட்டிக்கொண்டு போனேன். பொருள் பதிவேட்டில் தவளை இருந்தது. தலை ஒன்று, உடல் ஒன்று, கால் மூன்று. மூன்றாவது கால் எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. அதற்குக் கீழே, 'உள்துணி, பூப்போட்டது, ஒன்று'. தங்கராஜ் அந்த வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். தலை உரசாமலிருக்க அவர் மனைவி பழைய புடவையைக் கிழித்துத் தைத்துக் கொடுத்ததாம். புடவை அரசுச் சொத்தாகப் பதிவாகியிருந்தது. போட்டுக்கொண்டவருக்குப் பதிவில்லை.

தகவல் அதிகாரி நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார். அவர் மேசைக் கண்ணாடிக்கடியில், தவளையின் தோளில் கைபோட்டு அவர் நிற்கும் படம். பேடூ என்றால் பிள்ளைகளுக்கு உயிர், அழுகிற குழந்தையைக் கூடச் சிரிக்கவைத்துவிடும் என்று தங்கராஜைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனார். தங்கராஜ் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி தலையாட்டினார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. விடைபெறும்போது அதிகாரி அவர் தோளில் கைபோட்டார், படத்தில் இருந்த அதே தோளில்.

"எங்க பேடூவை நீங்க ஒருதரம் நேரில் பார்க்கணும். அப்படியே மனுஷன் மாதிரி நடந்துக்குவான்."

மூன்றாம் ஆள்

திரும்பி வந்து இரண்டாவது மனுவைப் போட்டேன். இதில் ஒரே கேள்வி: தவளை உடையில் பள்ளிகளுக்குச் சென்றவரின் பெயரும் பணிக்காலமும். ஒரே விஷயம், சொல் முப்பதைத் தாண்டவில்லை. பத்தாம் நாள் எனக்குப் பதில் வந்தது. இது மூன்றாம் ஆளைப் பற்றிய தகவல், அவருடைய சம்மதம் கிடைக்காததால் தர இயலாது. வேலை விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குப் பதினோரு நாள்தான் பாக்கி.

சாயங்காலம் தங்கராஜ் மூச்சிரைக்க வந்தார். பதிவுத் தபாலில் அவருக்கும் ஒரு கடிதம் வந்து நாலு நாள் ஆகிறதாம். போலீஸ் விவகாரம் என்று பயந்து, மனைவிக்குக்கூடக் காட்டாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். பிரித்துப் படித்தேன். தங்கராஜ் உள்ளே வர வாசல் சீட்டு கேட்டு ஒப்பந்தக்காரர் என்றைக்கோ பெயரும் முகவரியுமாகக் கொடுத்திருந்த கடிதத்தை எங்கிருந்தோ தேடியெடுத்திருக்கிறார்கள். 'இந்த அலுவலகத்தின் பேடூ உடையை எட்டு ஆண்டுகளாக அணிந்துவரும் திரு. தங்கராஜ் அவர்களுக்கு: உங்களைப் பற்றி ஒரு பெண்மணி தகவல் கேட்கிறார். கொடுப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?' கீழே அதிகாரியின் கையெழுத்து, தேதி, வட்ட முத்திரை. மனு போடாத ஒருவரைப் பற்றிய தகவல் என்றால், கொடுக்குமுன் அவரைக் கடிதம் போட்டுக் கேட்கவேண்டும் என்பது சட்டம். மனுவைத் தங்கராஜே போட்டிருந்தால் அவர் மூன்றாம் ஆள் ஆகியிருக்க மாட்டார், இந்தக் கடிதமும் பிறந்திருக்காது. இத்தனை வருடம் சட்டம் படித்தவள் செய்த தப்புதான் காரியத்தை முடித்தது. நான் மறுபடி முதலிலிருந்து படிப்பதைப் பார்த்துத் தங்கராஜ் பயத்தோடு, எத்தனை வருசம் போடுவாங்க என்று கேட்டார். எட்டு போட்டிருக்கிறார்கள் என்றேன்.

மறுநாள் கடிதத்தின் நகலோடு வேலை விண்ணப்பத்தை அதே ஜன்னலில் நீட்டினோம். அதே குமாஸ்தா. கடிதத்தை இரண்டு தரம் படித்தார், முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். வயதுத் தளர்வுக் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதி ரசீது கிழித்துக் கொடுத்தபின்தான் நிமிர்ந்து தங்கராஜின் முகத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் குலுக்கினார்.

"அரே, பேடூ! தலையைக் கழற்றிவிட்டு வந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆக, கேட்டவளுக்குத் தகவல் மறுக்கப்பட்டது, கேட்காதவருக்கு அது பதிவுத் தபாலில் வீடு தேடிப் போனது, இரண்டிலும் ஒரே அதிகாரி ஒரே பேனாவால் கையெழுத்திட்டார் என்பதால் சட்டத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று குறித்துவைத்துக் கோப்பை மூடிவிட்டேன்.