ஃப்ரீசரிலிருந்து அடுப்புக்குப் போன பன் மாவு

ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் குளிர்... அதோடு சேர்ந்து வரும் வெண்ணெய் வாசனை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டு டிசம்பர் அப்படித்தான் மணக்கும்.

நேற்று என் மருமகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள்.

"மாமா, பிஸ்கட் மாவு, பன் மாவு எல்லாம் முன்னாடியே பிசைஞ்சு ஃப்ரீசர்ல வச்சிடலாமாம். கிறிஸ்துமஸ் நேரத்துல டென்ஷனே இல்ல. புதுசா இருக்குல்ல?"

புதுசாம்!

அதனால்தான் இதை எழுதுகிறேன். நண்பர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். மருமகள் பக்கம் சாய்கிறவர்கள் கமெண்ட் போட வேண்டாம்.

அப்போது நான் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். டிசம்பர் வந்தால் ஓவர்டைம். வீட்டில் ஓவன் கிடையாது. பூந்தமல்லியில் காதர் பாய் பேக்கரியில் பெரிய விறகு அடுப்பு இருந்தது. தன் ரொட்டியை எடுத்த பிறகு, மிச்சச் சூட்டில், வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் மாவை வேகவைத்துக் கொடுப்பார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான். அதைத் தவறவிட்டால் அந்த வருஷம் கடை பிஸ்கட்தான்.

எனக்கு மாவு பிசைய யாரும் சொல்லித் தரவில்லை. நானே பிசைந்து, நானே கெடுத்து, நானே தின்று கற்றுக்கொண்டது. இட்லி மாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் புளிப்பது மெதுவாகிறது. அப்படியானால் ஃப்ரீசரில் பன் மாவும் தூங்கிக் கிடக்கும்தானே? நேரம் இருக்கும்போது பிசைந்து வைத்துவிட்டால், முறை வரும் நாளில் தூக்கிக்கொண்டு ஓடலாம். எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் மூளை.

பிஸ்கட் மாவை உருளையாக உருட்டி பட்டர் பேப்பரில் சுற்றினேன். பன் மாவை உருண்டை பிடித்தேன். ஃப்ரீசர் நிறைந்துவிட்டது.

"ஐஸ் வைக்க இடமில்ல. பக்கத்து வீட்டுல ஐஸ் கேட்டா நான் என்னத்தைக் குடுக்கிறது, பன்னையா?" என்றாள் என் மனைவி ரீட்டா.

"ஆமா, பன்னுதான். கிறிஸ்துமஸ் காலைல பிளாக்ல எல்லா வீட்டுக்கும் பன் குடுப்பேன், போ!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் அன்றைக்கே ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இனிப் பின்வாங்கினால் பிளாக்கில் தலை காட்ட முடியாது.

எங்கள் முறை வந்த நாளில் லீவு போட்டேன். தெர்மாக்கோல் பெட்டியில் கடையில் வாங்கிய ஐஸ் கட்டிகளைக் கொட்டி, பிஸ்கட், பன் இரண்டையும் அதற்குள் புதைத்து பஸ் ஏறினேன். ஃபேக்டரிப் பழக்கம். ஒரு மெஷின் பாகம் புறப்பட்ட நிலையிலேயே போய்ச் சேர வேண்டும்.

பிஸ்கட் பிரமாதம். புது ஹேக்ஸா பிளேடைக் கழுவிக் கொண்டுபோயிருந்தேன். வில்லை வில்லையாக அறுத்துத் தட்டில் அடுக்க, எல்லாம் ஒரே அளவில் பொன்னிறமாக வெந்து வந்தன.

அடுத்தது பன். பாய் ஓர் உருண்டையை எடுத்து மேஜையில் தட்டினார். டக்!

"இன்னா அண்ணாத்தே, டாங்கிக்கு குண்டு செஞ்சியா? எட்த்துக்கினு வழி தப்பி இங்க வந்துட்டியா?"

கடையே சிரித்தது.

"கொஞ்ச நேரம் வெளியில இருந்தா இளகிடும் பாய்."

"அதுவரிக்கும் அடுப்பு ஒனக்காவ காத்துகினு இருக்குமா? செத்த மாவு நைனா இது. எட்த்துகினு ஊட்டுக்குப் போ."

எனக்குப் பின்னால் சென்னீர்குப்பத்திலிருந்து கேக் கலவையோடு வந்த ஒரு அம்மா நின்றிருந்தார். "அண்ணே, உங்க கல்லு எப்போ கரையுறது, என் கேக்கு எப்போ வேகறது?"

"நீங்க போங்கம்மா. ஆனா நான் போகமாட்டேன்."

உருண்டைகளைத் தட்டில் பரப்பி, ஈரத்துணி போட்டு, அடுப்பின் மேல்தளத்தில் வெதுவெதுப்பாக இருந்த இடத்தில் வைத்தேன். எதிரே மைதா மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். கேக் போனது. வெந்து வெளியே வந்தது. வேறு வீட்டு பிஸ்கட் போனது. பாய் என்னைப் பார்க்காமலே அதட்டினார். நானும் அவரைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் போகும்போதும் வரும்போதும் பாய் அந்தத் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

கடைசியில் ஒருமுறை தூக்கியவர் மூடவில்லை. விரலால் ஓர் உருண்டையை அமுக்கினார். அமுங்கிய மாவு மெதுவாக எழுந்தது.

"ஏய்... உசிரோட தான்யா கீது!"

அடங்கிக்கொண்டிருந்த அடுப்பில் அவரே இரண்டு கட்டைகளைச் சொருகினார். எனக்காக இல்லையாம், மாவுக்காகவாம். பன்கள் உப்பி வந்தன. அடி கொஞ்சம் கருகியது. ஐஸில் புதைத்ததால் வந்த வினை என்று பாய் சொன்னார். அவர் அதிகமாக விறகு வைத்ததுதான் காரணம் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் காலையில் பிளாக் முழுக்க பன் போனது. ரீட்டாவே தட்டில் அடுக்கிக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் சொன்னா செய்வார்" என்று வேறு சொன்னாள்!

என் மனத்தாங்கல் அதற்குப் பிறகு. அடுத்த ரம்ஜானுக்குள் பாய் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டு, முதல் நாளே பன் மாவை உருட்டி உள்ளே வைக்க ஆரம்பித்தார். யாராவது கேட்டால், "நம்ம ஐடியாதான்!" என் எதிரிலேயே! விறகு போட்டவன்தான் முதலாளியாம். அதற்காகவே வருஷாவருஷம் போய்ச் சண்டை போட்டேன். டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே அவரும் போட்டார்.

இப்போது பாரிவாக்கத்தில் சொந்த வீடு. ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ். சமையல் மேடையில் ஓவன். மருமகள் பட்டனை அழுத்துகிறாள், மணி அடிக்கிறது, பன் வந்துவிடுகிறது. அடி கருகுவதில்லை. நன்றாகவே இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

பாய் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஐடியா யாருடையது என்ற வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. பன் வேகும்வரை அந்த ஓவன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் பக்கத்தையும் நானே பேசிப் பார்க்கிறேன்...

அவர் குரலில் பேச ஆரம்பித்தால் அவர்தான் ஜெயிக்கிறார்.