மேரியக்கா இன்று கவர் தரவில்லை

சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில், பாறசாலை சந்தையில் மேரியக்காவிடம் சாளை மீன் வாங்கினேன். வழக்கம்போல் பிளாஸ்டிக் கவருக்குக் கை நீட்டினேன்.

“கவர் இல்ல மக்கா. இனி தரமாட்டேன்,” என்றார்.

“ஏன் அக்கா?”

“இன்னைக்கு காலத்த எங்க வீட்டுக்காரரு கடல்ல வலை இழுத்தாரு. மீன விட கவராக்கும் கூடுதல். நான் குடுத்ததும் அதுல உண்டும்லா.”

எனக்குப் பின்னால் நின்றவர் கவர் இல்லை என்றதும் அடுத்த மீன்காரியிடம் போய்விட்டார். அக்கா அவரைக் கூப்பிடவில்லை. கூடையில் பாதி மீன் அப்படியே கிடந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. காலியான சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து நீட்டினேன். அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு மீன் கூடுதலாகப் போட்டார்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் குளத்தூர் வரை மூக்கைப் பொத்தியபடியே வந்தார். நாளைக்கு அதே பாத்திரத்தில்தான் எனக்குத் தயிர்ச்சோறு. சாளை வாசம் போக எதைப் போட்டுத் தேய்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.